பாதி நீர் மாற்றும் ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பொம்மசந்திராவில்
நாய்களையும் செக்யூரிட்டி லோகப்பாவையும் தவிர
யாரும் இல்லை.
ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறேன்,
ஐந்து பிளாஸ்க்குகளுக்குச் சோறு வைக்க.

மூடியில் என் கையெழுத்து:
இடுப்பு. இடது. பெண். 67.
தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு
உலோகக் குண்டு வைத்தார்கள் அவருக்கு.
வெட்டிய எலும்பின் தலை
ஐஸ் பெட்டியில் எங்களிடம் வந்தது,
சாத்துக்குடி அளவுகூட இல்லை.
பெயர் வரவில்லை.
வரக் கூடாது என்பது விதி.

சுரண்டிய மஜ்ஜையில்
எதிலும் ஒட்டாதவை மிதந்து போயின.
ஒட்டியவை தங்கின,
கை நீட்டி, விரல் கோத்து,
பிளாஸ்டிக் தரையில் ஒரு பாய் போல.

அந்தப் பாயில்தான்
ராஜாஜிநகரில் பிறந்த ஏதோ ஒரு குழந்தையின்
தொப்புள்கொடியில் பிரித்த குருத்தணுக்களை விட்டோம்.
விடுவதற்கு முன் பாய்க்குக் கதிர் காட்டினோம்.
இனி அது பெருகாது, ஆனால் ஊட்டும்.
இந்த வரியைச் செய்முறைத் தாளில் படித்த அன்று
டிபன் டப்பாவைத் திறந்து
சாப்பிடாமல் மூடினேன்.
ஏன் என்று எழுத இது இடமில்லை.

அவை கசியவிடும் ஒரு புரதம் உண்டு.
எழுத்தும் எண்ணுமாக நீளப் பெயர் அதற்கு.
மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தபடி
நான் வைத்த பெயர்:
இரு.

போகாதே என்பதற்கு இரு.
உயிரோடு என்பதற்கும் இரு.
உட்கார், என்ன அவசரம் என்பதற்கும்.
ஒன்று பிரிந்தால் இரு.
அதில் ஒன்று அங்கேயே தங்கும்.
மற்றது உடம்புக்குள் என்றால்
பிள்ளை, பேரன் என்று பிரிந்து பிரிந்து
ஒரு நாள் சிவப்பாகக் கிளம்பும்,
போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல்.
நூற்றிருபது நாள்.
திரும்பி வந்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நீரை முழுக்க மாற்றக் கூடாது.
புதிதாகச் சேர்ந்த ஹர்ஷிதா ஒருமுறை
பழசையெல்லாம் உறிஞ்சிவிட்டுப்
பளிச்சென்று புது மீடியம் ஊற்றினாள்.
பாவம், சுத்தம் பார்க்கிற பெண்.
குருத்துகள் எல்லாம் ஒரே வாரத்தில்
அவசர அவசரமாக முதிர்ந்து
மேலே மிதந்து
முடிந்தன.
பழைய நீரில் பாதி இருக்க வேண்டும்.
பாய் பேசியதெல்லாம் அதில்தான் கரைந்திருக்கிறது.

கட்டுரைக்குப் படம் எடுத்தபோது
குருத்தணுவுக்குப் பச்சை ஒளி.
பாய்க்குச் சாயமே போடவில்லை.
கறுப்பாக இருப்பதுதான் கிளீனாக இருக்கிறது,
அப்படியே விடு என்றார் டாக்டர் குல்கர்ணி.
அவர் சொன்னதில் தப்பில்லை.
படம் அழகாகத்தான் வந்தது,
அமாவாசையில் நட்சத்திரம் மாதிரி.

சாயம் இல்லாத வெளிச்சத்தில் பார்த்தால்
அவை பாயின் மேல் இல்லை.
அடியில் நுழைந்து கிடக்கின்றன,
தெருவில் பதித்த கற்களாக
நெருங்கி, மங்கி.
மேலே மிதப்பவை பளபளக்கும்.
மங்குபவற்றைத்தான் நான் எண்ணுவேன்.

அடுத்த ஞாயிறோடு ஐந்து வாரம்.
நொதி ஊற்றிப் பெயர்த்து
குருத்தணுவைத் தனியே பிரித்து எண்ணினால்
அந்த எண் அறிக்கைக்குப் போகும்.
பாய் பத்து நிமிடம் பிளீச்சில்,
பிறகு மஞ்சள் பையில்.
பையை நான்தான் கட்டுவேன்.

சாயங்காலம் அத்திப்பள்ளியில் பஸ் நிற்கும்போது
ஏறுகிற பெண்களின் காலைப் பார்க்கிறேன்.
இடது இடுப்பில் குண்டு வைத்தவர்
படியில் நல்ல காலைத்தான் முதலில் வைப்பார்
என்று ஒரு பிசியோ சொன்னாள்.
நல்ல கால், வலது.
ஆனால் நம் ஜனங்கள்
எல்லோருமே வலது காலை எடுத்து வைத்துத்தானே
எங்கேயும் நுழைகிறார்கள்.

இன்று மட்டும் பதினோரு பேர்.